வெள்ளிக்கிழமை எழுதாமல் விட்ட அளவு

நவம்பர் 9, சனி

அணை 57.8 அடி.

மாயழகு மாமா இன்று இந்த டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டார். "அணை அளவுக்குப் பக்கத்துல அயிரை மீன் எதுக்கு ஆத்தா?" என்று கேட்டார். ஆவணியில் ஒரு நாள் நல்ல அயிரை கிடைத்தது, குழம்பும் வாய்த்தது, எழுதிவைத்தேன். அது ஒரு குற்றமா?

மாமா எங்கள் கொன்றையேந்தல் கண்மாய்ச் சங்கத்துக்குத் தலைவர், என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா. உரக்கடையில் கொடுத்த டைரியை ஜனவரியில் என்னிடம் தந்து, வைகை அணையின் அளவைத் தினமும் எழுதிவைக்கச் சொன்னவர் அவர்தான். போன வருசமும் எழுதினேன். ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறவள் நான், கம்ப்யூட்டர் இருப்பது என்னிடம், அதனால் இந்த வேலையும் என் தலையில். எழுதுகிறேன். ஆனால் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு எண்ணை எழுதிவிட்டு மீதியை வெறுமனே விட எனக்கு மனசு வராது. இனிமேலும் எழுதத்தான் போகிறேன். டைரியை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிக்கொள்கிறேன், முடிந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

அணை 58.1.

காலை எட்டு மணிக்கு மையத்தைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்ததும் முதல் வேலை இதுதான். மத்திய அரசின் தளம் ஒன்று இருக்கிறது. நாட்டு வரைபடம் முழுக்க அணைகளும் ஆறுகளும் புள்ளி புள்ளியாகக் கிடக்கும். ஒரு புள்ளியைத் தொட்டால் இன்றைக்கு எவ்வளவு, நேற்று எவ்வளவு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கோடு போட்டுக் காட்டும். நம் அணையைப் பார்த்து டைரியில் ஒரு தடவை, வாசலில் தொங்கும் கரும்பலகையில் ஒரு தடவை எழுதுவேன். அதற்கப்புறம் ஐந்து நிமிசம் எனக்கு. கோதாவரிக்குப் போவேன், நர்மதைக்குப் போவேன். ஆடியில் பிரம்மபுத்திராவில் ஏதோ ஓர் ஊர், பெயர் வாயில் நுழையாது, பத்து நாள் சிவப்பாகவே இருந்தது. பட்டா மாறுதலுக்கு வந்த பெண்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் புலம்பினேன். பதினோராம் நாள் பச்சைக்கு மாறிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அந்த ஊரில் ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது.

எங்கள் கண்மாய் அந்த வரைபடத்தில் இல்லை. அதைப் பார்க்க மையத்தின் ஜன்னலைத் திறந்தாலே போதும். சொட்டுத் தண்ணீர் கிடையாது. புரட்டாசியில் புழுதியில் விதைத்தோம், இரண்டு மழைக்கு முளைத்தது, அதோடு மழை போனது போனதுதான். நெல் முழங்கால் உயரத்தில் நிற்கிறது. கார்த்திகைக்குள் அணையைத் திறந்து கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மாட்டுக்குத்தான் அறுத்துப் போட வேண்டும். எங்களுடைய ஒன்றேகால் ஏக்கரும் அதில் சேர்த்தி.

ஊரே அணை ஏற வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒரே ஒருத்தர் மட்டும் ஏறக்கூடாது என்று பார்க்கிறார். என் வீட்டுக்காரர் போஸ். குட்டியானை வேன் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை என்றால் கொன்றை லெவன் அணியின் கேப்டன், விக்கெட் கீப்பர். வயது நாற்பத்து மூன்று. காய்ந்த கண்மாய்க்குள்தான் தீபாவளிக் கோப்பை நடக்கிறது, பதினாறு ஊர் டீம் வருகிறது. தண்ணீர் வந்தால் பிட்ச் போய்விடும்.

நான் கிரிக்கெட் பார்ப்பதில்லை. இன்றைக்கு மூன்றாவது ஓவரில் லட்டு மாதிரி வந்த கேட்சைக் கோட்டைவிட்டார்.

நவம்பர் 13, புதன்

அணை 59.6.

தேனிப் பக்கம் நல்ல மழையாம். பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது இவர் பின்னால் வந்து நின்றார்.

"என்ன வர்ணம், தெனமும் ஏறுது?"

"கார்த்திகை வரப்போகுது, ஏறாம என்ன செய்யும்?"

"ஒரு மூணு வாரம் பொறுத்து ஏறுனா ஆகாதா?"

"உங்க குட்டியானைய எடுத்துக்கிட்டு நேரா அணைக்கே போயி சொல்லிட்டு வந்துருங்க. டீசல் நான் போடுறேன்."

தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். கூடவே இருந்த தபால்காரர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

அணை 61.9.

கால் இறுதியில் ஜெயித்துவிட்டார்கள். காலையில் அய்யனார் கோயிலில் தண்ணீருக்காக ஊர்ப்பொங்கல். இவரும் குளித்துவிட்டு வந்து பக்தியாக நின்றார். "என்னன்னு கும்புட்டீக?" என்று கேட்டேன். "பொதுவாக் கும்புட்டேன்" என்றார். அய்யனாரையே குழப்பிவிட்டிருப்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருசத்தில் இவர் நாலு பைனல் ஆடியிருக்கிறார். நாலிலும் தோல்வி. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து, "ஒண்ணுமில்ல, விளையாட்டுதானே" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். மற்ற நாளில் தட்டு கழுவுகிற ஆள் இல்லை.

நவம்பர் 20, புதன்

அணை 63.4. தலைவலி. இட்லி மாவு பொங்கி வழிந்து அடுப்பு மேடை முழுக்க ஒரே கூத்து.

நவம்பர் 24, ஞாயிறு

அணை 66.0. ஆற்றங்கரை ஊர்களுக்கு முதல் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள்.

பலகையில் 66 என்று எழுதியதும் மாயழகு மாமா அதைத் தொட்டுக் கும்பிட்டார், சாக்பீஸ் அழிந்தது, மறுபடி எழுதினேன். நெல் நுனி சுருள ஆரம்பித்துவிட்டது. கடைமடையில் ராக்காயி அக்காவின் வயலைப் போய்ப் பார்த்தேன், பார்க்கச் சகிக்கவில்லை. எங்கள் வயல் பரவாயில்லை, கண்மாயை ஒட்டிய முதல் மடை, அடியில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது.

சாயங்காலம் இவர்கள் அரை இறுதியிலும் ஜெயித்தார்கள். வருகிற ஞாயிறு பைனல். எதிர் டீம் கிளுவன்பச்சேரி. கால்வாயில் நமக்கு அடுத்த ஊர். அவர்கள் கேப்டன் அருளானந்து, வேகமாகப் பந்து போடுகிற பையன், இருபத்தைந்து வயசு. இவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். கூப்பிட்டுக்கொண்டே ஸ்டம்பைத் தெறிக்கவிடுவான்.

நவம்பர் 26, செவ்வாய்

அணை 67.8. சாயங்காலம் திறந்துவிட்டார்கள்.

ஊருக்குள் வெடி போட்டார்கள். உடனே ஊர் மந்தைத் திடலில் கூட்டம். பேப்பரில் போட்டிருக்கிறபடி, ஆற்று மணல் குடித்தது போக நம் கால்வாய்க்குத் தண்ணீர் டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை வரும். வந்த நேரத்திலிருந்து நமக்கு நாலு நாள் முறை. அப்புறம் கால்வாயில் நம் ஷட்டரைப் பூட்டிவிட்டு கிளுவன்பச்சேரி ஷட்டரைத் திறப்பார்கள். ஷட்டரிலிருந்து கண்மாய் வரைக்கும் இரண்டரைக் கிலோமீட்டர் வரத்துக்கால் இருக்கிறது. இரண்டு வருசமாக வெட்டாமல் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் திறந்தால் தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு காட்டுக்குத்தான் போகும், அதனால் ஷட்டர் சாவி வைத்திருக்கும் பொதுப்பணித்துறை லஸ்கர் திறக்க மாட்டார். நாள் மட்டும் ஓடும்.

"வீட்டுக்கு ஒரு ஆள், அருவாளோட வரணும். என்னைக்கு வச்சுக்குவோம்?" என்றார் மாமா.

"திங்கக்கெழம" என்றார் இவர், யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால். "செவ்வாக்கெழமதானே தண்ணி. ஒரு நாள்ல வெட்டிருவோம், சின்னையா."

ஞாயிறு பைனல், திங்கள் வெட்டு, செவ்வாய் தண்ணீர். எல்லாருக்கும் சம்மதம். இவர் வீட்டுக்கு வரும்போது சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

நவம்பர் 27, புதன்

அணை 67.7. மதுரைப் பக்கம் இரண்டு நாளாகக் கொட்டித் தீர்க்கிறதாம். இங்கே நாலு தூறல். துணியை எடுத்து, மறுபடி காயப்போட்டதுதான் மிச்சம்.

நவம்பர் 29, வெள்ளி

அணை 66.9. பலகையில் எழுதியாயிற்று.

இன்றைக்கு வேலை அதிகம். வெள்ளிக்கிழமை, வீடு கழுவினேன். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம். மையத்தில் ஆதார் திருத்தம் ஏழு பேர். பைனலுக்குக் கொடுக்கிற சான்றிதழ் நாற்பது பிரிண்ட் எடுத்தேன். 'சிறந்த விக்கெட் கீப்பர்' என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் நல்ல தடித்த காகிதம் போட்டேன். இவர் மாடியில் உட்கார்ந்து கீப்பிங் கிளவுஸுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். பாட்டு வேறு.

மதுரைக்கு மேலே ஆற்றில் ஓர் அளவு ஸ்டேஷன் இருக்கிறது. அதுவும் அந்தத் தளத்தில் ஒரு புள்ளி. நான் தினமும் பார்ப்பதில்லை. இன்று சும்மாதான் தொட்டேன். காலை ஐந்து மணியிலிருந்து கோடு நெட்டுக்குத்தாக ஏறி நிற்கிறது. போன வருச டைரியை எடுத்துப் பார்த்தேன். அங்கே ஏறிய அறுபதாவது மணி நேரத்தில் நம் ஷட்டருக்குத் தண்ணீர் வந்ததாக எழுதியிருக்கிறேன். மழையில் மணல் நனைந்து கிடக்கிறதல்லவா, குடிக்காது. வெள்ளி காலை ஐந்திலிருந்து அறுபது மணி என்றால் ஞாயிறு சாயங்காலம் ஐந்து.

இயந்திரம்தானே, தப்பாகவும் காட்டும். பேப்பரில் செவ்வாய் என்றுதான் போட்டிருக்கிறது. பலகையில் அணை அளவை எழுதுவது என் வேலை, அதை எழுதிவிட்டேன். ஸ்டேஷன் அளவை எழுதச் சொல்லி இதுவரை யாரும் சொன்னதில்லை.

புளிக்குழம்பில் உப்பு கூடிவிட்டது.

நவம்பர் 30, சனி

அணை 66.3.

காலையில் பலகையில் அணை அளவை மட்டும் எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன் என்று இங்கே எழுதுகிறேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு இவர் ஸ்கோர் ஷீட் பிரிண்ட் எடுக்க வந்தார். நான் உள்ளே தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் நிற்கிறார். ஸ்டேஷன் கோடு திரையில் அப்படியே இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மூட மறந்துவிட்டேன்.

இரண்டு வருசமாக நான் பலகை எழுதும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்த மனுசன். கோடு வாசிக்கத் தெரியாதா?

"இது எப்ப இருந்து?"

"நேத்துக் காலையில இருந்து."

"எப்ப வரும்?"

"நாளைக்குச் சாயங்காலம்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஸ்கோர் ஷீட்டை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண்மாய்க்குள் பையன்கள் சுண்ணாம்புப் பொடியால் எல்லைக்கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள், கரையில் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தார்கள். நேராக மைக்குக்குப் போனார்.

"எல்லாரும் கேளுங்க. நாளைக்கு பைனல் கெடையாது. தண்ணி நாளைக்குச் சாயங்காலமே வருது. வீட்டுக்கு ஒரு ஆள், விடியக்காலம் அஞ்சு மணிக்கு அருவாளோட வரத்துக்காலுக்கு வந்துருங்க."

அப்புறம் மாயழகு மாமா கரையில் ஓடிவருவது தெரிந்தது. மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் பேசியது குழாய் ஸ்பீக்கரில் ஊர் பூராவும் கேட்டது.

"யாருடா சொன்னா?"

"கம்ப்யூட்டர்ல காட்டுது சின்னையா. மேல ஆத்துல ஏறிருச்சு."

"எப்ப ஏறுச்சு?"

"நேத்து."

"நேத்தா? அப்ப வர்ணம் ஏன் போர்டுல எழுதல?"

"நான்தான் எழுத வேணாம்னேன். பைனலு முடியட்டும்னு."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லவே இல்லை. எழுத வேண்டாம் என்று ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்து பத்து நிமிசம்கூட ஆகவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

அணை 65.6.

கை முழுக்க முள். நானும் போனேன், கிட்டத்தட்ட ஊரே வந்திருந்தது. ஐந்து மணிக்கு ஆரம்பித்து இருட்டும் வரை வெட்டு. கருவேலத்தின் தூர் அருவாளுக்கு அசையவில்லை, மத்தியானம் ஒரு ஜேசிபி கிடைத்தது. பைனலுக்கென்று சொல்லிவைத்திருந்த பிரியாணியை வரத்துக்காலிலேயே வைத்துப் பரிமாறினார்கள். பந்தியில் இவருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பத்து மணிக்கு அருளானந்து நாலு பையன்களோடு வந்தான். போட்டி விதிப்படி மைதானத்தில் இறங்காத டீம் தோற்ற டீம். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று எல்லாரும் அருவாளை நிறுத்திவிட்டுப் பார்த்தோம்.

"அண்ணே, எங்க கம்மாய்க்கு வெள்ளிக்கெழமதான் தண்ணி. புதன்கெழம எங்க பிட்ச்சுல வச்சுக்குவோம். சும்மா குடுக்குற கப்பு எனக்கு வேணாம். உங்கள அவுட்டாக்கித்தான் வாங்கணும்" என்றான். இவர் நேற்று மத்தியானத்துக்கு அப்புறம் முதல் தடவையாகச் சிரித்தார். அந்தப் பையன்களும் மத்தியானம் வரை வெட்டிவிட்டுப் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஷட்டருக்குத் தண்ணீர் வந்தது ஆறரை மணிக்கு. என் கணக்கில் ஒன்றரை மணி நேரம்தான் பிசகு. வரத்துக்காலில் இன்னும் முந்நூறு மீட்டர் பாக்கி.

டிசம்பர் 2, திங்கள்

அணை 64.9.

பதினோரு மணிக்குப் பாக்கியையும் வெட்டி முடித்து, லஸ்கர் ஷட்டரைத் தூக்கினார். தண்ணீர் நுரைத்துக்கொண்டு, சருகையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் தள்ளிக்கொண்டு வரத்துக்காலில் ஓடிவந்தது. கூடவே ஓடினோம். எனக்கு நாற்பத்தொரு வயசு, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கண்மாய் வரைக்கும் ஓடினேன். சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம்.

ஆனால் நேற்று ஆறரையிலிருந்து இன்று பதினொன்று வரை பதினாறரை மணி நேரத் தண்ணீர் நம் ஷட்டரைத் தாண்டிக் கீழே போய்விட்டது. நாலு நாள் முறையில் அதைத் திருப்பித் தர மாட்டார்கள். கடைமடை வரை எட்டுமா என்று ராக்காயி அக்கா எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னிடமும் கேட்டார். எட்டும் அக்கா என்றேன்.

சாயங்காலம் கூட்டம். இவரை நிற்கவைத்துப் பேசினார்கள். கிரிக்கெட்டுக்காக ஊர்த் தண்ணீரை மறைத்த ஆள் என்று, இவரிடம் கிரிக்கெட் பழகிய பையனே சொன்னான். இவர் தலையைக் குனிந்து நின்றார். தீர்ப்பு: கண்மாயிலிருந்து முதல் தண்ணீர் கடைமடைக்கு, எங்கள் வயலுக்குக் கடைசி. அது நியாயம். இன்னொன்று, முறை முடியும் வரை ஷட்டரை யாரும் இறக்கிவிடாமல் பகலில் ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும். புதன்கிழமைக்கு யாரும் வர மாட்டார்கள், எல்லாருக்கும் மேட்ச். அதனால் புதன்கிழமைக் காவல் போஸ்.

"சரி சின்னையா" என்றார். வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

டிசம்பர் 3, செவ்வாய்

அணை 64.1.

பலகையில் எழுதக் கை கூசியது.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று டைரியிலாவது ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நாலு தடவை தோற்றுவிட்டு வந்த முகத்தைப் பார்த்தது நான்தான். ஐந்தாவது தடவை ஆடாமலே போய்விடக்கூடாது என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. ராக்காயி அக்காவின் வயலை நான்தான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அதையும் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் கரையில் இருபது முப்பது பேர் தண்ணீர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிட்ச் இருந்த இடம் முழங்கால் ஆழம். மாயழகு மாமா நடுவில் நின்றார், இவர் ஓர் ஓரமாக நின்றார். போனேன்.

"மாமா, அவுக என்ட்ட ஒண்ணும் சொல்லல. வெள்ளிக்கெழமயே எனக்குத் தெரியும். எழுதாம விட்டது நான். அவுக சனிக்கெழம மூணு மணிக்குத்தான் பாத்தாக, பாத்த ஒடனே மைக்குல சொல்லிட்டாக."

"அப்ப அவன் எதுக்கு அப்படிச் சொன்னான்?"

"அத அவுகள்ட்ட கேளுங்க."

எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். இவர் தண்ணீரைப் பார்த்தார். மாமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அணை அளவ எழுதச் சொன்னா அயிரை மீன எழுதுற. ஆத்து அளவ எழுத வேண்டிய அன்னைக்கு எழுத மாட்ட. ஒன்ன வச்சுக்கிட்டு நான் என்னாத்த செய்ய?" என்றார். யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "கடைசித் தண்ணிதான் ஒங்களுக்கு, அதுல மாத்தமில்ல. நாளைக்குக் காவலுக்கு நீ போ ஆத்தா. அவன் போயி ஆடட்டும்."

ராக்காயி அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவரே வந்து என் தோளைத் தொட்டு, "ஷட்டர்ல வெயிலா இருக்கும், குடை கொண்டு போ" என்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் பிடித்துக்கொண்டார். "ஒன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"உங்கள யாரு சொல்லச் சொன்னா?"

ஐந்து தோசை சாப்பிட்டார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

டிசம்பர் 4, புதன்

அணை 63.5. ஷட்டரில் இருந்தபடியே போனில் பார்த்து எழுதுகிறேன்.

காலை ஏழு மணியிலிருந்து இங்கேதான். குடை, எலுமிச்சைச் சோறு, டைரி. ஷட்டர் மேடையில் புங்க மரத்து நிழல் விழுகிறது. தண்ணீர் சளசளவென்று போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு வருசமாகக் கோட்டில் மட்டும் பார்த்த தண்ணீரை நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பது நல்ல தண்டனைதான். அளவுக்கம்பில் மூன்றடி இரண்டங்குலம். லஸ்கர் வந்து, காலையில் கடைமடைக்குத் தண்ணீர் எட்டிவிட்டதாகச் சொன்னார். மேடையிலிருந்து இறங்கிப்போய் முகம் கழுவிக்கொண்டேன். அவர் போனில் ஸ்கோர் வைத்திருந்தார். சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் அது உறைத்தது. வெள்ளிக்கிழமை காலையிலேயே நான் பலகையில் எழுதியிருந்தால், வெள்ளியும் சனியும் வெட்டி முடித்திருப்பார்கள். தண்ணீர் வந்தது ஞாயிறு சாயங்காலம் ஆறரைக்கு. பைனல் காலை ஒன்பது மணிக்கு. நம் கண்மாயில், நம் பிட்ச்சில், நம் சனத்துக்கு முன்னால் ஆடி முடித்துவிட்டுத் தண்ணீரையும் வரவேற்றிருக்கலாம். பைனல் போய்விடக்கூடாது என்று நான் மறைத்ததால்தான் பைனல் போனது. இந்தக் கணக்கு எனக்கு ஏன் வெள்ளிக்கிழமை வரவில்லை? அறுபது மணி நேரத்தைக் கூட்டத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லையா?

(வீட்டுக்கு வந்து எழுதுவது.)

நாலரை மணிக்குப் பைக் சத்தம். இவர்தான். காலில் பேடைக்கூடக் கழற்றவில்லை. முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

"என்னாச்சு?"

"தோத்துட்டோம்."

"எத்தன ரன்?"

"ஆறு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கால்வாய்க் கரையில் நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். வெள்ளிக்கிழமைக் கணக்கு முழுவதையும் அழுதுகொண்டே சொன்னேன். நம் கண்மாயிலேயே ஆடியிருக்கலாம், நம் பிட்ச்சில் ஜெயித்திருப்பீர்கள், எல்லாவற்றையும் கெடுத்தது நான் என்றேன்.

"தெரியும்" என்றார். "சனிக்கெழம அந்தக் கோட்டப் பாத்தப்பவே தோணுச்சு."

"பெறகு ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா இப்புடி அழுவ."

மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மீதமிருந்த எலுமிச்சைச் சோற்றைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். பாதி சாப்பிட்டுவிட்டு, "நம்ம கம்மாயில ஆடியிருந்தாலும் தோத்துத்தான் இருப்போம், வர்ணம். அருளானந்து போட்ட போடு அப்புடி" என்றார்.

பொய். நம் பிட்ச்சில் பந்து எழும்பாது. கிரிக்கெட் பார்க்காத எனக்கே அது தெரியும்.

"இதச் சொல்லவா பேடுகூடக் கழட்டாம எட்டுக் கிலோமீட்டர் வந்தீக?" என்று கேட்டேன்.

"தண்ணி பாக்க வந்தேன்" என்றார்.

இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்ப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.